அமெரிக்க மனைப்பொருள்களில் அணிவேலை

அணி என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் பயிலும் எம்மனோர்க்குச் செய்யுளணியே நினைவிற்கு வரும். உவமையும் உருவகமும் இன்றியும் ஒரு கருத்தைச் சொல்லிவிடலாம். ஆயினும் புலவர் அவற்றை விடுவதில்லை. அவ்வாறே, பூ வரையாத பெட்டியிலும் துணியை மடித்து வைக்கலாம். எழுத்துப் பொறியாத சாடியிலும் உப்பிட்ட இறைச்சி கெடாது. அங்ஙனமிருக்க, உழைத்துண்ணும் மக்கள் தமக்குக் கிடைத்த சிற்றோய்வை அப்பூவிலும் அவ்வெழுத்திலும் செலவிட்டது என்னை? அமெரிக்க ஐக்கிய நாட்டின் பழைய மனைப்பொருள்கள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருள்களைப் பற்றி நாம் அறிவதற்குப் பெருந்துணை புரிந்தது ஒரு வறுமைக்காலமே. 1929-ஆம் ஆண்டின் வாணிக வீழ்ச்சிக்குப் பின் வேலையற்றோருள் ஓவியரும் பலர். அவர்க்கு ஊதியம் அளிக்க அரசாங்கம் வகுத்த திட்டங்களுள் ஒன்று, 1935 முதல் 1942 வரை நடந்த ‘அமெரிக்க வடிவமைப்பு அட்டவணை’ என்பது. நூற்றுக்கணக்கான ஓவியர், நாற்காலி, மரப்பொம்மை, கதவுத்தாழ், காற்றுத்திசை காட்டும் சேவல் முதலியவற்றை முன்வைத்து, மரத்தின் இழையும் மண்ணின் கீறலும் தெரிய நீர்வண்ணத்தில் தீட்டினர். உள்ளதை உள்ளவாறே வரைதல் வேண்டும், தம் கற்பனையைக் கலத்தலாகாது என்பது விதி. பதினெண்ணாயிரத்திற்கு மேற்பட்ட அவ்வோவியங்கள் வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளன. எனினும் ஒரு குறை சொல்லாமல் இருக்க இயலவில்லை. அந்நிலத்தின் பழங்குடி மக்களுடைய கைவேலையை அவ்வட்டவணை வேண்டுமென்றே விலக்கிவிட்டது; அது மானிடவியலார்க்கு உரியதாம். ஒருவர் முடைந்த கூடை கலையாகவும் மற்றொருவர் முடைந்த கூடை ஆய்வுப்பொருளாகவும் ஆவதெங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை.

நிற்க. கனெக்டிகட் ஆற்றின் கரையில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், ஹேட்லி என்றோர் ஊருண்டு. அவ்வூரிலும் அண்டையூர்களிலும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதலாகச் செய்யப்பெற்ற கருவாலிமரப் பேழைகளின் முகமெங்கும் துலிப்பு மலரும் இலையும் செதுக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பெண்ணின் பெயர் முதலெழுத்துக்கள் நிற்கும். ஹன்னா பார்னார்டு என்னும் நங்கையின் அலமாரியிலோ முதலெழுத்து மட்டுமன்று, முழுப்பெயருமே பெரிய எழுத்தில் தீட்டப்பட்டுள்ளது. இதன் பொருள் யாது? அக்காலச் சட்டப்படி, மணந்த பெண்ணின் அசையும் பொருளெல்லாம் கணவன் உடைமையாகும். அவளுடைய குடிப்பெயரும் மறையும். ஹன்னா 1715-இல் மணந்து, 1717-இல் ஒரு மகளை ஈன்று இறந்தார். அலமாரி அம்மகள்பாற் சேர்ந்தது. அவளும் பின்னர்த் தன் பெண்மகவுக்கு ஹன்னா பார்னார்டு என்றே பெயரிட்டாள். சட்டம் அழித்த பெயரைப் பலகை காத்தது. இன்று அவ்வலமாரி மிச்சிகன் மாநிலத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் உள்ளது.

பென்சில்வேனியாவிற் குடியேறிய ஜெர்மானியர் தம் குழந்தைகளின் ஞானஸ்நானச் சான்றிதழைப் பறவையும் இதயமும் மலரும் சூழ எழுதி வைத்தனர் என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். அங்கும் நடுவே நிற்பது ஒரு பெயரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரம் வந்தது. 1825-இல் சாண்டுவிச் என்னும் ஊரில் டெமிங் ஜார்வஸ் என்பார் நிறுவிய ஆலையில், உருகிய கண்ணாடியை இரும்பு அச்சிலிட்டு அழுத்திக் கிண்ணங்கள் செய்தனர். குளிர்ந்த இரும்பு படுமிடத்தில் கண்ணாடி ஒளி மங்கும். அம்மாசை மறைத்தற்பொருட்டே நுண்புள்ளிகளைப் பரப்பிச் சரிகை போன்ற கோலம் வகுத்தனர். குற்றத்தை மூட வந்த அணி அதுவே விரும்பப்படுவதாயிற்று. சொற்பஞ்சத்தை மோனையால் மூடும் புதுப்புலவரை (எம்மையும் சேர்த்தே) அது நினைவூட்டுகின்றது! கனெக்டிகட் மாநிலத்து லாம்பர்ட் ஹிட்ச்காக் என்பாரோ, கரிய நாற்காலியின்மேல் துளைத்த தாளைப் பொருத்தி, வெண்கலப் பொடியைத் தேய்த்துப் பழமும் இலையும் பதிப்பித்தார். பொன்வேலை வாங்க இயலாதவர் வீட்டிலும் பொன்னிறம் ஏறிற்று, அது நன்றே. ஆனால் இருக்கையின் விளிம்பில் அச்சிடப்பட்ட பெயர் தொழிலதிபருடையது. பொடி தேய்த்த கைகளின் பெயர் அங்கில்லை.

அணியே வேண்டாவென்றவரும் உளர். 1774-இல் ஆன் லீ அம்மையாரைப் பின்பற்றி இங்கிலாந்தினின்று வந்த ஷேக்கர் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தார், 1845-இல் எழுதிய விதிகளில், வெறும் அழகிற்கான வேலைப்பாட்டைத் தச்சர்க்கு விலக்கினர். அவர்கள் செய்த நீள்வட்ட மரச்செப்பைப் பாருங்கள். வளைத்த பலகையின் நுனியை விரல்போலப் பிளந்து செப்பாணி அடித்திருக்கின்றனர். பலகை ஈரத்தில் விரிந்து வெயிலிற் சுருங்கினும் வெடிக்காதிருத்தற்கு அவ்விரல்கள் வேண்டும். ஆயினும் அவற்றினும் அழகியதோர் கோலத்தை யாம் காண்கிலேம். தண்டியாசிரியர் பொருளணிகளுள் தன்மையணியை முதற்கண் வைத்த கருத்து எமக்கு இச்செப்பினால் தெளிவாயிற்று. அக்கூட்டத்திலும் ஆசை முற்றும் அடங்கிற்றில்லை போலும். ஹன்னா கோஹூன் என்னும் சகோதரி, 1854-இல் தமக்குக் காட்சியிற் புலப்பட்ட ஜீவவிருட்சத்தைச் செந்நிறக் கனிகளோடு தீட்டினார். அக்கூட்டத்தார் வழக்கத்திற்கு மாறாகத் தம் பெயரையும் அதில் எழுதினார்.

பெயரெழுதுவதே ஆபத்தான இடமொன்றிருந்தது. தென் கரோலினாவில், அடிமைகட்கு எழுத்தறிவித்தலை 1834-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுத்தது. அம்மாநிலத்து எட்ஜ்ஃபீல்டு வட்டத்தில் டேவ் என்னும் அடிமைக் குயவர், மரச்சாம்பல் கலந்த மெருகூட்டிப் பெருஞ்சாடிகள் வனைந்துவந்தார். அவற்றுட் சில நாற்பது காலன் கொள்வன. பச்சைமண் காயுமுன் அவற்றின் தோளில் ‘டேவ்’ என்றும், நாளும் ஆண்டும், சிலவற்றில் ஈரடிச் செய்யுளும் கீறினார். 1857-இல் எழுதிய ஒன்று, பிரிந்துபோன தம் உறவினரை எண்ணி வினவுவது. சாடி எசமானனுக்குச் சொந்தம். வனைந்தவரும் அவனுக்கே சொந்தம். எழுத்து மட்டும் அவனுடையதன்று.

இனி, துணி. அமெரிக்கப் பெண்டிர் துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வைகள் பெயர்பெற்றவை. அவற்றுட் பழையனவற்றில் நம் சோழமண்டலக் கரையின் சீட்டித்துணியும் உண்டு. அதிலுள்ள பூவையும் மரத்தையும் கத்தரித்து வெண்துணிமேல் ஒட்டித் தைத்தனர். முன்னர் இலண்டன் வழியாகச் சென்ற இந்தியத் துணி, 1784-இல் அமெரிக்கக் கப்பலொன்று புதுச்சேரியை அடைந்தபின் நேரே செல்லலாயிற்று.

அப்போர்வைகளுள் எம் நெஞ்சைப் பிணித்தது ஹேரியட் பவர்ஸ் அம்மையாருடையது. 1837-இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர் அவர். பதினொரு கட்டங்களில் வேதாகம நிகழ்ச்சிகளைத் துணியில் வெட்டித் தைத்தார்: ஏதேன் தோட்டம், ஆபேலின் கொலை, யாக்கோபின் கனவு, யூதாசும் முப்பது வெள்ளிக்காசும், இராப்போசனம். ஏதேனிலுள்ள பாம்பிற்குக் கால்கள் உண்டு. சிரித்துவிட வேண்டா. வயிற்றினால் நகர்வாய் என்னும் சாபம் அதற்குப் பின்னரன்றோ வந்தது? ஆதியாகமத்தை அவ்வம்மையார் எம்மினும் கூர்ந்து அறிந்திருந்தார்.

1886-இல் ஏதென்ஸ் என்னும் ஊரின் பருத்திக் கண்காட்சியில் அப்போர்வையைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித், விலைக்குக் கேட்டார், அம்மையார் மறுத்தார். சில ஆண்டுகள் கழித்து வறுமை வந்துற்றபோது, தூய மாச்சாக்கிற் சுற்றி மடிமேல் வைத்துக்கொண்டு எருதுவண்டியில் தாமே கொணர்ந்தார். பத்து டாலர் கேட்டார், ஐந்து கிடைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு உடனே சென்றுவிடவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கிக் கூற, ஆசிரியை எழுதிக்கொண்டார். அவ்வெழுத்து இருத்தலினாலேதான், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றுள்ள அப்போர்வையை நாம் படித்தறிகின்றோம். விற்ற பின்னரும் அம்மையார் பலமுறை அவ்வீட்டிற்கு வந்து, தம் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனாராம்.