பெக்டரி கம்பியூட்டருக்கு ஐபி வரவில்லையா?

திம்புள்ள பக்கத் தோட்டமொன்றில் ஆபிஸ் மேட்டில், பெக்டரி கீழே, நடுவில் ஃபயர்வால். ஐபி கொடுக்கும் டிஎச்சிபி சர்வர் ஆபிஸில் மட்டும். கொழுந்து நிறுவைக் கணக்குக் கம்பியூட்டர் பெக்டரியில் திணறினால் இப்படிச் செய்யுங்கள். (எண்கள் உதாரணத்துக்கு.)

1. முதலில் ஐபியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் சர்வரின் பதில் வரவில்லை. கம்பியூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது.

2. ஃபயர்வாலில் பெக்டரிப் பக்க இன்டர்ஃபேஸில் டிஎச்சிபி ரிலேயை இயக்கி, ஆபிஸ் சர்வரின் ஐபியை (10.10.1.5) கொடுங்கள். "யாராவது ஐபி தாருங்கள்" என்ற பொதுக் கூவல் ஃபயர்வாலைத் தானாகத் தாண்டாது; அதைச் சர்வரிடம் கொண்டுபோவது ரிலேதான்.

3. அதே இன்டர்ஃபேஸில் ஃபயர்வாலின் சொந்த டிஎச்சிபியை அணையுங்கள். இருவர் ஐபி கொடுத்தால் குழப்பம்தான்.

4. சர்வரில் பெக்டரிக்குத் தனி ஸ்கோப் (கொடுக்க வேண்டிய ஐபிகளின் வரிசை) போடுங்கள். அதில் கேட்வே, ஃபயர்வாலின் பெக்டரிப் பக்க ஐபி: 10.10.20.1. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஆபிஸ் பக்க ஐபியான 10.10.1.1-ஐப் போட்டுவிடுவார்கள்; ஐபி கிடைக்கும், வெளியே எதுவும் திறக்காது. கேட்வே அந்தக் கம்பியூட்டரின் வலையிலேயே இருக்க வேண்டும்.

5. ஃபயர்வாலின் சொந்த டிஃபால்ட் கேட்வே இன்டர்நெட் ரவுட்டரை நோக்கட்டும். சர்வரின் கேட்வே ஃபயர்வாலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பதிலைத் திருப்பி அனுப்பும் வழி சர்வருக்குத் தெரியாது.

6. யுடிபி 67-ஐத் தடுக்கும் விதி இருந்தால் நீக்குங்கள்.

7. எல்லாம் சரியானதும் ஃபயர்வாலின் செட்டிங்கை பென்டிரைவில் சேமியுங்கள். இடி மின்னலில் பெட்டி போனால், அதே மாடல் புதியதில் ஏற்றினால் போதும்.