மீன் தொட்டிக்கு எந்த மண்?



நான் 36 ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி, நாக்பூரிலேயே ஓய்வு பெற்றவன். மண்ணைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும் என்ற எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தை ஒரு சிறு மீன் தொட்டி உடைத்தது. அதையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

என் ஒன்பது வயதுப் பேத்திக்குப் பிறந்த நாள் பரிசாக 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள கண்ணாடித் தொட்டி வாங்கினேன். அடியில் மண்ணும் அதன்மேல் மணலும் பரப்பி, நீர்ச்செடிகளை அடர்த்தியாக வளர்த்தால், மீன் கழிவைச் செடிகளே உரமாக எடுத்துக்கொண்டு நீரைத் தூய்மையாக வைக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட நூலால் பலருக்கும் அறிமுகமான முறை இது.

மண் செழிப்பாக இருந்தால் செடி செழிக்கும் என்று கணக்கிட்டு, மண்புழு உரத்தை இரண்டு அங்குலம் நிரப்பினேன். அன்றே ஆறு கப்பி மீன்களையும் விட்டேன். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின. நான்காம் நாள் காலை நான்கு மிதந்தன. மணலைக் குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றத்துடன் குமிழிகள் வந்தன. "தாத்தா, நீங்க இன்ஜினியர்தானே?" என்றாள் பேத்தி. பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். மக்காமல் மிச்சமிருந்த உரம் நீருக்குள் அழுகத் தொடங்கியது. அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றது, அம்மோனியாவை வெளியிட்டது. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்களாகும். நானோ ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை.

இரண்டாம் முறை கீழ்க்கண்டவாறு செய்தேன்.

1. மண்: நம் நாக்பூர் வட்டாரக் கரிசல் மண் இதற்கு உதவாது. மழையில் உப்பி, கோடையில் வெடித்து எங்கள் இருப்புப்பாதையையே ஆட்டிவைத்த மண் அது. களி மிகுதி; கலங்கினால் எளிதில் தெளியாது. சுண்ணாம்புக் கட்டிகளும் கலந்திருக்கும். இரண்டு ஆண்டுகள் துளசி வளர்ந்து, உரம் தீர்ந்த பழைய தொட்டி மண்ணையே எடுத்தேன். பூச்சிமருந்து பட்ட மண் கூடவே கூடாது.

2. மண் சோதனை: கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் எடுக்கும். மறுநாளும் நீர் கலங்கலாகவே இருந்தால் அந்த மண் வேண்டாம்.

3. பக்குவம்: மண்ணைச் சலித்து வேர், சருகுகளை நீக்குங்கள். நீரில் ஊறவைத்து, மிதப்பவற்றை வடித்து, வெயிலில் காயவையுங்கள். இப்படி நான்கு முறை செய்தால் அழுகக்கூடியது பெரும்பாலும் நீங்கிவிடும்.

4. மணல்: இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறுமணலே ஏற்றது. மாவு போன்ற மணல் இறுகி, கீழே காற்றை அடைத்துவிடும். பெரிய கல்லின் இடுக்கு வழியே மண் மேலேறும். களி ஜல்லிக்குள் ஏறாதிருக்கத் தண்டவாளத்தின் அடியில் நாங்கள் மணல் அடுக்குப் போடுவோமே, அதே தத்துவம். மணல்மீது சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தவிர்த்துவிடுங்கள்.

5. அளவு: மண் ஓர் அங்குலம், மணல் ஓர் அங்குலம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இந்தத் தொட்டிக்கு ஒவ்வொன்றும் மூன்று லிட்டருக்குள் அடங்கும். நீருடன் மொத்த எடை 35 கிலோவைத் தாண்டும். ஆட்டமில்லாத மேசை தேவை.

ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக நீர் ஊற்றினால் படுகை கலையாது. குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றினேன். முதல் நாளே வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் நெருக்கமாக நட்டோம். முதல் இரண்டு வாரம் நான்கு நாளுக்கொரு முறை பாதி நீரை மாற்றினோம். மீன் கடையில் கிடைக்கும் சோதனை மருந்தில் அம்மோனியா இல்லை என்று தெரிந்த பிறகு, ஐந்தாம் வாரம்தான் மீன் விட்டோம். வாளியில் காத்திருந்த பழைய இரண்டும், புதிதாக மூன்றும். எட்டு மாதங்களாகின்றன. குஞ்சுகளும் பிறந்துவிட்டன.

இன்னொரு லாபமும் உண்டு. பள்ளியில் மராத்தி பேசும் என் பேத்திக்கு எல்லாம் வெறும் ‘மண்’ணாகத்தான் இருந்தது. புட்டியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்ததில் கரிசல், களி, வண்டல், குறுமணல் என்று தனித்தனியே பெயர் சொல்கிறாள். சென்ற வாரம் சாலையோரப் பள்ளம் ஒன்றைக் காட்டி, "தாத்தா, இது கரிசல், நம்ம தொட்டிக்கு ஆகாது" என்றாள்.

செய்து பார்க்க விரும்பும் அன்பர்கள் சங்கக் கூட்டத்தில் என்னிடம் கேட்கலாம். ஒரு டப்பா பக்குவப்பட்ட மண் கைவசம் இருக்கிறது, தருகிறேன்.