குளிர்காலப் பயணத்துக்கு முன்: வாடகை வீட்டுக் குழாய்களும் பொறுப்பும்

லண்டனில் குழாய்கள் உறைந்து வெடிப்பது பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையில்தான். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் வாடகைக்கு இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வாரக்கணக்கில் புறப்படுவதும் அதே பருவத்தில். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும், குழாய் பிளக்கும். ஆனால் பனி இளகும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது. இளகியபின் ஆளில்லாத வீட்டில் நீர் கொட்டி, கீழ்வீட்டின் மேற்கூரைவரை ஊறிவிடும். அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுக்குக் குறைவான வாடகை ஒப்பந்தங்களில் கூரை, சுவர், வடிகால், தண்ணீர்க் குழாய், பாய்லர் ஆகியவற்றைப் பழுதுபார்ப்பது உரிமையாளரின் கடமை. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. ஒன்றை மட்டும் பலரும் கவனிப்பதில்லை: வீட்டுக்குள் நேரும் பழுதைப் பொறுத்தவரை, அது உரிமையாளருக்குத் தெரிந்த பிறகே அந்தக் கடமை தொடங்குகிறது. சிங்க்குக்கு அடியில் சிறு கசிவைப் பார்த்தும் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்து பலகை உளுத்துப்போனால், அந்தச் சேதத்துக்கு வாடகைதாரரே பதில் சொல்ல நேரும்.

வாடகைதாரர் வீட்டைப் பொறுப்போடு புழங்க வேண்டும் என்பது மறுபக்கம். 1953இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் இதற்கு உதாரணங்கள் சொன்னார்: அடைத்த சிங்க்கைச் சரிசெய்வது, குளிர்காலத்தில் வெளியூர் போனால் தண்ணீரை மூடி பாய்லரைக் காலிசெய்வது. 1982இல் விக்கம் சுகாதார ஆணையம் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. குளிரின் கடுமை, வீட்டில் ஆளில்லாத காலம், வீட்டின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. சிறிது காலமே வெளியே தங்கிய வாடகைதாரரைப் பொறுப்பாக்கவில்லை. ஐந்து வாரம் ஊருக்குப் போகிறவர் இந்தத் தீர்ப்பை நம்பியிருக்க முடியாது.

ஆகவே வீட்டுத் தண்ணீரை மூடும் ஸ்டாப் காக் எங்கே என்று இந்த வாரமே பார்க்க வேண்டும். பெரும்பாலும் சமையலறைச் சிங்க்குக்கு அடியில் இருக்கும். வலப்பக்கம் திருகினால் மூடும். பல ஆண்டுகளாகத் தொடாமல் இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். உரிமையாளருக்கோ ஏஜென்ட்டுக்கோ மின்னஞ்சலில் எழுதிச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். நீண்ட பயணம் என்றால் தேதிகளைத் தெரிவித்து, தண்ணீரை மூடுவதா, ஹீட்டிங்கைக் குறைந்த வெப்பத்தில் ஓடவிடுவதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது சிறந்த பாதுகாப்பு. சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துச் செல்லலாம்.

குழாய் உறைந்துவிட்டால் ஸ்டாப் காக்கை மூடி, டேப்பைத் திறந்து, டேப் பக்கமிருந்து வெந்நீர்ப் பையால் மெல்லச் சூடாக்க வேண்டும். தீச்சுடர் கூடவே கூடாது. நீர் மின்விளக்கை எட்டினால், ஈரம்படாமல் நெருங்க முடிந்தால் மட்டுமே மெயின் சுவிட்சை அணைக்கலாம். தேதியுடன் படங்கள் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும்.

உரிமையாளரின் கட்டடக் காப்பீடு வாடகைதாரரின் சோபாவுக்கோ துணிமணிக்கோ ஈடு தராது. அதற்குத் தனியாக உடைமைக் காப்பீடு வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கும் நாள்களுக்கு அதில் வரம்பு இருக்கும்; பயணத்துக்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

டெபாசிட்டில் பிடித்தம் செய்ய வந்தால், சேதத்துக்குக் காரணம் வாடகைதாரரே என்று நிறுவுவது உரிமையாளரின் வேலை. டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்தின் தகராறுத் தீர்ப்பு இலவசம். பழுது பார்க்கவில்லை என்பதற்காக வாடகையை நிறுத்த வேண்டாம். பாக்கி ஏறினால் வீட்டையே இழக்க நேரும். உள்ளூர் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவையோ சிட்டிசன்ஸ் அட்வைஸையோ அணுகுவதே சரியான வழி.