விட்ட காசைப் பிடிக்கப் போனால்

முன்பு சூதாடுவதற்கு ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. கடதாசிக் கூட்டம் மரநிழலில் கூடும். குதிரைப் பந்தயம் கட்டப் பட்டணத்துக்கு பஸ் ஏற வேண்டும். போகிற வழியில் யாராவது காண்பார்கள். இரவானால் கடையைப் பூட்டுவார்கள். இன்று ஆட்டம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் பிள்ளை நித்திரை கொள்ள, பாயில் படுத்தபடியே விடியும்வரை ஆடலாம். இதில் அகப்பட்டவர் விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பது ஏன், வீட்டார் செய்யக்கூடியது என்ன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலில் கணக்கு. தொலைபேசிச் சூதில் ரூலெட் என்ற சுழல் சக்கரம் உண்டு. பொதுவான வகையில் 0 முதல் 36 வரை 37 இலக்கங்கள் இருக்கும். ஓர் இலக்கத்தில் 100 ரூபா கட்டி அது விழுந்தால், கட்டிய காசும் சேர்த்து 3,600 ரூபா வரும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் எல்லா இலக்கங்களிலும் 100 ரூபா வீதம் கட்டிப் பாருங்கள். கொடுப்பது 3,700, வாங்குவது 3,600. களவே இல்லாத சக்கரத்தில் நிலைமை இது. முகம் தெரியாதவர் நடத்தும் ஆட்டத்தில் அந்த நேர்மைக்கும் பிணை இல்லை.

“தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை வென்றால் எல்லாம் வந்துவிடும்” என்று சிலர் வழி சொல்வார்கள். 100 ரூபாவில் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபா. எட்டாவது முறை 12,800 ரூபா கட்ட வேண்டும். வென்றாலும் மிச்சம் வெறும் 100 ரூபா!

இந்தக் கணக்கு விளங்கினாலும் கை நிற்பதில்லை. 1950களில் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துப் பரிசோதனைகள் செய்தார். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். இத்தனை கொத்துக்கு ஒருமுறை என்று நிச்சயமாக விழுந்தபோது, தின்றபின் புறா சற்று ஓய்ந்தது. எப்போது விழும் என்று தெரியாதபோது ஓயாமல் கொத்தியது. தானியத்தை நிறுத்திய பின்பும் நெடுநேரம் கொத்தியது. இடையிடையே வருகிற சிறு வெற்றிதான் அந்தத் தானியம். ஓர் இலக்கத்தால் தவறிய ஆட்டமும் தோல்விதான். மனமோ “கிட்ட வந்துவிட்டேன்” என்று கொள்கிறது. 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோயை மது, போதைப்பொருள் அடிமைநிலைகளுடன் ஒரே பிரிவில் சேர்த்தது. ஆகவே வெட்கம் கெட்டவன் என்று ஏசுவதால் இது தீராது.

கமக்காரருக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு என்பது என் எண்ணம். காலபோகம் அழிந்தால் கடன்பட்டு விதைநெல் வாங்கி மறுபடி விதைக்கிறோம். விட்டதை மறுபோகத்தில் பிடிக்கலாம் என்ற அந்தப் பொறுமைதான் நம்மைக் காப்பாற்றியது. நிலம் உழைப்புக்குப் பதில் சொல்லும். சக்கரத்துக்கு நேற்றுத் தோற்றவனைத் தெரியாது. இடம்பெயர்ந்து காணியற்று இருக்கும்போது பகலும் நீளமாகிறது. கையில் வரும் நிவாரணக் காசோ வெளிநாட்டுக் காசோ காணி வாங்கப் போதாது. அதைப் பெருக்கலாம் என்ற ஆசை அங்கேதான் பிடிக்கிறது.

சத்தியம் வாங்குவதை விட, காசுக்கும் கைக்கும் இடையே தூரத்தை உண்டாக்குவதே மேல். வங்கி அட்டையை மனைவியோ மூத்த சகோதரியோ வைத்திருக்கட்டும். வங்கி அனுப்பும் கடவு இலக்கம் அவருடைய தொலைபேசிக்கே வரட்டும். சூதாட்டக் கணக்கை மூடிவிட்டு, சில மாதங்களுக்கு இணையம் இல்லாத பொத்தான் தொலைபேசியைப் பாவிப்பது நல்லது. ஆசை அலைபோல் ஏறி இறங்கும். அது ஏறும் வேளையில் தனியே இராமல் மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் விடலாம், அயல் வீட்டுக்குப் போகலாம்.

கடன் விடயத்தில்தான் குடும்பங்கள் பெரும்பாலும் பிழை விடுகின்றன. தாய் தாலிக்கொடியை அடைவு வைத்து, ஊருக்குத் தெரியாமல் கடனை அடைக்கிறாள். கடன் தீர்ந்த மறுநாளே அவனுக்குப் புதுக்கடன் கிடைக்கும்! கைமாற்று, அடைவு, கிழமைக் கடன் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தவணையைக் கடன் கொடுத்தவரிடமே நேரில் கட்டுங்கள். இடையில் ஒருநாள் தவறி ஆடிவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிட வேண்டாம். எந்த நேரம், எந்தக் காசு என்று கேட்டு அந்த வழியை அடையுங்கள்.

1957இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் சூதாட்டத்தால் நொந்த இருவர் சந்தித்து, ஒழுங்காகப் பேசிவந்ததால் ஆடாமல் இருக்கக் கண்டார்கள். பின்பு பல நாடுகளில் பரவிய குழுக்கள் அதிலிருந்தே தொடங்கின. நம்மிடையேயும் இருவர் போதும். சாவைப் பற்றிப் பேசுகிறவரை மட்டும் தனியே விடக்கூடாது. வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

வீட்டில் பேச்சைத் தொடங்கும்போது “எவ்வளவு தோற்றீர்கள்?” என்று கேட்டால் பொய்தான் வரும். “இஞ்சாருங்கோ, இன்னும் ஆர் ஆருக்குக் குடுக்கக் கிடக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாளில் முழுத்தொகையும் வராது. வந்ததை எழுதிவிட்டு, கொப்பியில் கீழே இடம் விடுங்கள்.