விரிசலுக்கு இடம் சொல்லுங்கள்: பேருந்து நிறுத்தத்தில் கான்கிரீட் தளம்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ அவென்யூக்களில் கவனித்திருப்பீர்கள்: சாலை முழுக்கக் கறுப்புத் தார், பேருந்து நிற்கும் இடத்தில் மட்டும் பல நிறுத்தங்களில் வெளிறிய கான்கிரீட். ஈரடுக்குப் பேருந்துகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் பிரேக் போட்டால், வெயிலில் இளகிய தார் சக்கரத் தடத்தில் பள்ளமாகும். சொட்டும் டீசல் அதை மேலும் இளக்கும். விமான நிலையங்களில் விமானம் நிற்குமிடங்களில் கான்கிரீட் போடுவதும் இதுபோன்ற காரணத்தால்தான்.

ஆனால் கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் விரிசல் விடும். அதைத் தடுக்க முடியாது. எங்கே விட வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

புதிதாகப் போட

1. அடித்தளம். நன்றாக உருளை ஓட்டி இறுக்குங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் கான்கிரீட் பலகத்தின் மூலை முதலில் உடையும். ஊற்றுமுன் தரையை நனையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது.

2. இணைப்புக் கம்பி. 250 மி.மீ. தடிமனுள்ள பலகத்துக்கு ஏறத்தாழ 4.5 மீட்டருக்கு ஓர் இணைப்பு. அங்கே 32 மி.மீ. வழவழப்பான கம்பிகளை 300 மி.மீ. இடைவெளியில், பலகத்தின் நடு ஆழத்தில் வையுங்கள். ஒரு பாதிக்கு கிரீஸ் பூசுங்கள். அப்போதுதான் பலகம் அதன்மேல் வழுக்கி நகரும். கம்பி கோணலாக இருந்தால் இணைப்பு பூட்டிக்கொள்ளும்.

3. ஊற்றுதல். ஒவ்வொரு லாரிக்கும், கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் சோதனை. கலவை கெட்டியாக இருக்கிறதென்று குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள், வலு போய்விடும். வைப்ரேட்டரைச் செங்குத்தாக இறக்கி மெதுவாக எடுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிற்பகல் இடிமழையும் விடியலில் வரும் சுமத்ரா சூறைக்காற்றும் இருக்கும் ஊர் இது. பிளாஸ்டிக் விரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

4. சொரசொரப்பு. மட்டப்படுத்தியபின் மேலே மினுங்கும் நீர் வற்றும்வரை பொறுங்கள். பிறகு துடைப்பத்தைப் போக்குவரத்துக்குக் குறுக்காக ஒரே இழுப்பில் இழுங்கள். விமான ஓடுபாதையில் இது போதாது: இறுகியபின் 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்தில், 38 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகள் வெட்டுவது வழக்கம். மழைநீர் அவற்றில் ஓடிவிடும். சக்கரம் நீரில் மிதக்காது.

5. பதப்படுத்துதல். துடைப்பம் இழுத்த கையோடு பதப்படுத்தும் திரவத்தைத் தெளியுங்கள். இல்லையேல் ஈரச்சாக்கு போட்டு 7 நாள் காயவிடாமல் பாருங்கள்.

6. வெட்டு. முழு வேலையிலும் தவறவிடக் கூடாத நேரம் இதுதான். இணைப்புக் கம்பிகளுக்கு நேர்மேலே, தடிமனில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஜல்லி பெயரும். தாமதித்தால் விரிசல் தன் வழியில் போய்விடும். நம் வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள். ஓரம் பெயராவிட்டால் தொடங்கலாம், அது நள்ளிரவானாலும் சரி. ஓரத்து அச்சுப்பலகையைக் கழற்றும்போது பக்கவாட்டில் பாருங்கள்: வெட்டுக்கு நேர்கீழே மயிரிழையாக ஒரு விரிசல் இறங்கியிருந்தால் வேலை பலித்தது.

7. அடைப்பு. தூசி நீக்கி, இணைப்பை நெகிழும் பசையால் அடையுங்கள். பேருந்தை விடுவதற்கு நாள்கணக்கை நம்பாதீர்கள். கான்கிரீட்டின் வலுச் சோதனை சொல்லட்டும்.

பழுது பார்க்க

சுத்தியலால் தட்டுங்கள். "டங்" என்றால் நலம். "டொக்" என்றால் உள்ளே பெயர்ந்திருக்கிறது.

பழுது மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால், நல்ல பகுதியும் சிறிது சேரும்படி சதுரமாக வெட்டி, சிறிய பிரேக்கரால் பெயர்த்து, தூசி போகச் சுத்தம் செய்து ஒட்டுப் போடுங்கள். அதைவிட ஆழமென்றால் பேருந்துத் தடத்தின் முழு அகலத்துக்கும், குறைந்தது 1.8 மீட்டர் நீளத்துக்கும் பலகத்தை எடுத்து, பக்கங்களில் துளையிட்டு எபாக்ஸியில் கம்பி பதித்துப் புதிதாக ஊற்றுங்கள். வெட்டும்போது தண்ணீர் விடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஒட்டு இணைப்பை ஒட்டி வந்தால், இடையில் அமுங்கும் அட்டை ஒன்றைச் செருகிவிட்டு ஊற்றுங்கள். மறந்தால் புதுக் கலவை இணைப்பை அடைத்துக்கொள்ளும். மதிய வெயிலில் பலகங்கள் விரிந்ததும் ஒட்டு அப்படியே துள்ளிப் பெயரும். ஊற்றிய அன்று விட்ட இடைவெளியைப் பழுது பார்க்கும் அன்றும் விட வேண்டும்.