ரெசின் பேனா கடைய: கரிவலம்வந்தநல்லூர் வெயிலுக்கேற்ற குறிப்புகள்

1. எபாக்சி ரெசினையும் ஹார்டனரையும் விடியற்காலையில் கலந்து அச்சில் ஊற்றுங்கள். சங்கரன்கோவில் பக்கத்து உச்சி வெயிலில் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும்.

2. விகிதம் எடையா, கன அளவா என்று டப்பாவில் பார்த்து அளந்து, ஓரம் வழித்துக் கலக்குங்கள். கண்மதிப்பில் ஊற்றினால் பிசுபிசுவென்றே நிற்கும்.

3. குமிழை அமுக்க, சமையல் குக்கருக்குள் காற்றடைக்கவே அடைக்காதீர்கள். வெடிக்கும்.

4. இறுகிய ரெசின் கட்டையில் துளையிடும்போது டிரில்லை அடிக்கடி வெளியே இழுத்துச் சுருளை உதறுங்கள். சூடு சேர்ந்தால் கட்டை விரிசல் விடும்.

5. பித்தளைக் குழாய் ஒட்டுமுன் துளையின் உட்புறத்தில் ரெசின் நிறத்திலேயே பெயின்ட் பூசுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கடைந்து முடித்ததும் குழாய் உள்ளிருந்து பல்லிளிக்கும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

6. உளியைத் தீட்டி மெல்லிசாகச் சீவுங்கள். ஆழமாக இறக்கினால் சில்லு தெறிக்கும். கை பழகவில்லையா? அம்பாசமுத்திரத்தில் சொப்பு சாமான் கடைபவர்கள் உளி பிடிப்பதைப் போய்ப் பாருங்கள். அது மரம்தான், ஆனாலும் கைவாகு வரும்.

7. வாட்டர் பேப்பரை நனைத்து, 400 கிரிட்டில் தொடங்கி 2000 வரை தேயுங்கள். ஈரம் சூட்டைத் தணிக்கும், தூசி பறக்காது.

8. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். கையுறை ரெசின் கலக்க மட்டும். லேத் ஓடும்போது கையுறையோ தோள் துண்டோ இருந்தால் சுற்றி இழுத்துவிடும்.