செம்மறிக் குட்டிகளுக்குத் தானியத்திற்கு ஈடான தீவனம்

தாய்ப்பால் மறந்த செம்மறிக் குட்டி, மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை விரைந்து வளரும் இயல்புடையது. அப்பருவத்தில் மேய்ச்சலுடன் நாள் ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் அடர் தீவனமும் அளித்தல் நலம். இத்தீவனத்தில் கம்பு, சோளம், மக்காச்சோளம் முதலியவற்றைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் தானியம் மனிதர்க்கும் உணவு. கோழிப் பண்ணைகளுக்கும் மக்காச்சோளமே முதன்மைத் தீவனம். விலை ஏறும்போது சிறு குடியானவர்கள் குட்டிகளின் தீவனத்தைக் குறைக்க நேர்கிறது. எடை கூடாத குட்டிக்குச் சந்தையில் உரிய விலை கிடைப்பதில்லை. இதற்கு மாற்று யாது என்று ஆராய்வோம்.

தானியத்திலிருந்து குட்டி முதன்மையாகப் பெறுவது எரிசக்தி. அதனைத் தருவது மாவுப் பொருள். மேச்சேரி ஆடுகள் வளரும் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களிலேயே மரவள்ளியும் மிகுதியாக விளைகிறது. உலர்ந்த மரவள்ளிக் கிழங்கில் மாவுப் பொருள் மக்காச்சோளத்தினும் குறைந்ததன்று. ஆயினும் ஒரு பெருங்குறை உண்டு. 100 கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 9 கிலோ புரதம் இருக்க, மரவள்ளி வற்றலில் சுமார் இரண்டரைக் கிலோவே உள்ளது. புரதம் குறைந்தால் குட்டியின் தசை வளராது.

ஆகவே கணக்கு இதுதான்: 30 கிலோ மக்காச்சோளத்தை நீக்கினால், 25 கிலோ மரவள்ளி வற்றலும் 5 கிலோ கடலைப் பிண்ணாக்கும் சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டின் விலையையும் கூட்டி, 30 கிலோ மக்காச்சோளத்தின் விலையோடு ஒப்பிடுக. கூட்டுத்தொகை குறைந்தால் மட்டுமே மாற்றம் ஆதாயம் தரும்.

பச்சைக் கிழங்கிலும், தோலிலும், இலையிலும் சயனைடு நஞ்சை விளைவிக்கும் பொருள் உண்டு. ஆதலின் கிழங்கைத் தோல் நீக்கி, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒடித்தால் முறியும் வரை நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். சவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும் திப்பியையும் நன்கு உலர்த்திய பின்னரே சேர்த்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைக் குட்டிகளுக்கு அளித்தலாகாது.

மரவள்ளி விளையாத வறண்ட பகுதிகளில் சீமைக் கருவேலங்காய் உதவும். இனிப்பு மிகுந்த இக்காயில் புரதமும் ஓரளவு உண்டு. ஆனால் முழுக் காயாக அளித்தால், கடின விதை செரிக்காமல் புழுக்கையுடன் வெளிவந்து, வயல்களில் முளைத்துவிடும். காயை உலர்த்தி அரைத்து, அடர் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்க்கலாம். இதனையே தனியுணவாக நெடுநாள் தின்ற கால்நடைகளுக்கு நரம்புக் கோளாறு உண்டாவதும் அறியப்பட்டதே.

எம்மாற்றமாயினும் படிப்படியாகவே செய்தல் வேண்டும். மாவுப் பொருளைத் திடீரெனப் பெருக்கினால், இரைப்பையில் அமிலம் மிகுந்து குட்டி இறக்கவும் கூடும். முதலில் கால் பங்கு மாற்றி, இரண்டு வாரங்களில் முழு அளவை எட்டலாம். வைக்கோல், தழை போன்ற நார்த் தீவனமும் தூய நீரும் எப்போதும் கிடைக்கச் செய்க.

ஊராட்சி உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அறுவடைக் காலம் தவிர்த்த நாள்களில் பொதுக் களத்தைக் கிழங்கு உலர்த்த ஒதுக்கி, அங்கு ஒரு தராசும் வைக்கலாம். பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை குட்டிகளை நிறுத்துப் பார்த்தால், புதிய தீவனம் பயன் தருகிறதா என்பதைத் தராசே உரைக்கும்.